குதிரைக்கு அடியில் ஒரு காது

விருதுநகரில் ‘பிக்கப்’ என்றால் வத்தல் மூட்டையும் பருப்பு மூட்டையும் ஏற்றிச் செல்லும் சிறு வண்டியைத்தான் எவரும் நினைப்பார்கள். சில மாதங்களாக எங்கள் வீட்டில் அந்தச் சொல் வேறு பொருளில் புழங்கிவருகிறது. கிதாரின் அதிர்வை மின்னோட்டமாக மாற்றி ஒலிபெருக்கிக்கு அனுப்பும் சிறு கருவிக்கும் அதே பெயர்தான். தமிழாசிரியன் என்ற கடமையுணர்வில் ‘அதிர்வுவாங்கி’ என்று சொல்லிப் பார்த்தேன். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆகவே பிக்கப் என்றே எழுதுகிறேன்.

அவள் வாசிக்கும் கிதார் என் மாமனாருடையது. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் நாற்பதாண்டு வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பாடகர் குழுவில் கிதார் வாசித்தவர். எழுபதுகளில் இயந்திர உதிரிபாகம் வாங்கக் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டபோது, கையில் மிஞ்சிய பணத்தில் அங்கேயே செய்த ஒரு கிதாரை வாங்கிக்கொண்டு ரயிலேறினார். சிவகாசிக்கும் கல்கத்தாவுக்கும் உள்ள உறவு பழையது. பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்க அங்கே போனது 1920-களின் தொடக்கத்தில். ஊரின் பிழைப்பு வந்த அதே தடத்தில் எங்கள் வீட்டுக் கிதாரும் வந்தது என்று மாமனார் பெருமையாகச் சொல்வார்.

ஆப்செட் இயந்திரங்களின் பக்கத்தில் நின்ற காதுகள் அவருக்கு ஓய்வு பெறுவதற்கு முன்பே மங்கத் தொடங்கிவிட்டன. கடைசி ஆண்டுகளில் அவர் கிதார் வாசிக்கும்போது தலையைத் தாழ்த்தித் தாடையை அதன் தோள்பகுதியில், பக்கப் பலகையின் மேல், அழுத்தி வைத்துக்கொள்வார். காது வழியே வராத ஒலி தாடை எலும்பின் வழியே உள்ளே போகும். அந்த இடத்தில் வார்னிஷ் தேய்ந்து, உள்ளங்கை அகலத்துக்கு மரம் வெளுத்திருக்கிறது. இப்போது அவர் இல்லை. கிதாரும் அந்த வெளுத்த இடமும் இருக்கின்றன.

பிக்கப் எதற்கு என்று கேட்கலாம். பாட்டியின் தேவாலயத்தில் மகள் வாசிக்கத் தொடங்கியபோதுதான் தேவை தெரிந்தது. பன்னிரண்டு பேர் பாடுகிறார்கள். அவர்களுக்கு மைக் இருக்கிறது. கீபோர்டுக்குத் தனி வயர், தாளத்துக்கு ரிதம் பேட். மேலே இருபது மின்விசிறிகள். இவற்றுக்கு நடுவே கிதாரின் கம்பிகள் அசைவது கண்ணுக்குத் தெரிகிறது, காதுக்கு ஒன்றும் வருவதில்லை. கிதார் கையில் எடுக்கும் தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரையும்போல அவளுக்கும் முதல் ஆசை ‘இளைய நிலா’தான். ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) படத்தின் அந்தப் பாடலில் சந்திரசேகர் வாசித்த கிதார் நம் மடியில் ஒலிப்பதுபோல் கேட்கிறதென்றால், அது ஒலிப்பதிவுக் கூடத்தின் அமைதியும் அருகில் வைத்த மைக்கும் சேர்ந்து தந்த வரம். அதே ஒலியை மின்விசிறிகளுக்கு அடியில் எதிர்பார்ப்பதில்தான் தொல்லை தொடங்குகிறது.

கிதாரின் ஒலி எங்கிருந்து வருகிறது? கம்பியிலிருந்து என்று சொல்லிவிடுவோம். உண்மையில் தனிக் கம்பியால் காற்றை அசைக்க முடியாது. அது மிக மெல்லியது. கம்பியின் துடிப்பு ஒரு சிறு எலும்புத் துண்டின் வழியே மரக்கட்டைக்கு இறங்குகிறது. வீணைக்காரர்கள் இதைக் குதிரை என்பார்கள், நல்ல சொல். குதிரை மேற்பலகையை ஆட்டுகிறது. பலகை காற்றைத் தள்ளுகிறது. பெட்டிக்குள் அடைபட்ட காற்று, வாயருகே ஊதினால் முனகும் கலயம்போல, தன் பங்குக்கு ஒரு அடித்த குரலைச் சேர்க்கிறது. நாம் கேட்பது இவை எல்லாம் கூடிய ஒன்றை.

இது நம் முன்னோர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் யாழை வருணிக்கும்போது முதலில் பேசுவது நரம்பை அல்ல, பத்தரை. மானின் குளம்பு பதிந்த தடம்போல் நடுவில் உயர்ந்து இருபுறமும் தாழ்ந்த பத்தர். அதன்மேல் விளக்குச் சுடரின் நிறத்தில் இழுத்துக் கட்டிய தோல். அந்தத் தோலின் தையலுக்கு இளஞ்சூல் கொண்ட பெண்ணின் வயிற்று மயிரொழுங்கு உவமை. ஒலி பிறக்கும் இடம் எது என்பதை இதைவிடச் சரியாகச் சொல்ல இயலுமா என்று தெரியவில்லை. நரம்பு பிற்பாடுதான் வருகிறது, தினையரிசிபோல் மாசு மருவின்றி. விபுலாநந்த அடிகள் தம் ‘யாழ் நூல்’ (1947) வழியே மீட்டெடுக்க முயன்ற யாழ்களின் உறுப்புகளிலும் பத்தருக்குத் தனியிடம் உண்டு. பாலை யாழைக் கேட்டு ஆறலைக் கள்வர் தம் படைக்கருவிகளைக் கைவிட்டார்கள் என்று பொருநராற்றுப்படை சொல்வதை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் சிரிக்காமல் விளக்கிவருகிறேன். அந்தக் கள்வர்கள் யாழுக்கு எவ்வளவு அருகில் நின்றிருக்க வேண்டும் என்ற கேள்வி இந்த ஆண்டுதான் எழுந்தது.

ஆக, பிக்கப் தேர்வு என்பது காதை எங்கே வைப்பது என்ற கேள்விதான். காற்றில் வைக்கலாம், கம்பியில் வைக்கலாம், குதிரைக்கு அடியில் வைக்கலாம், பலகையில் ஒட்டலாம். ஒவ்வோர் இடத்திலும் கருவியின் ஒரு பகுதி மட்டும்தான் பேசும்.

காற்றில் வைப்பது என்றால் மைக். கிதாரின் கழுத்து உடலோடு சேரும் இடத்துக்கு நேரே, ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான தொலைவில், நல்ல கண்டென்சர் மைக்கை நிறுத்தினால் அதற்கு ஈடான ஒலி வேறில்லை. ஆனால் மைக் பாரபட்சம் அறியாதது. கிதாரோடு மின்விசிறியையும் பக்கத்து ஆல்ட்டோ குரலையும் தன் ஒலிபெருக்கியின் ஒலியையுமே அது வாங்கும். வாங்கியதைத் திரும்ப அனுப்ப, அனுப்பியதைத் திரும்ப வாங்க, அந்தச் சுழல் ஊளையாக முடியும். எங்கள் தேவாலயத்துக்கு ஒலி அமைக்கும் சவுண்ட் சர்வீஸ் அண்ணாச்சி முதல் நாளே கையை விரித்துவிட்டார். “சார், கிதாருக்கு மைக் வெச்சா ரெண்டே பாட்டுல கூவிரும். வாத்தியம் வெளியே கேக்கணும்னா வயர் உள்ளயிருந்துதான் வரணும்.” தாமிரச் சுருளும் காந்தமும் கொண்ட பிக்கப்பை அவரே கொண்டுவந்து காட்டினார். ஒலித்துளையின் குறுக்கே மாட்டிவிடலாம், எதையும் வெட்ட வேண்டாம், வேண்டாதபோது கழற்றிவிடலாம். எங்கள் வீட்டில் அதுதான் முடிவாகும் என்று ஒரு வாரம் நினைத்திருந்தோம்.

அதன் குறை கேட்டபிறகே புரிந்தது. காந்தம் இரும்பை மட்டுமே அறியும். கம்பி துடித்தால் காந்தப்புலம் கலைந்து சுருளில் மின்சாரம் எழும்; பலகை என்ன செய்கிறது, பெட்டிக் காற்று என்ன சொல்கிறது என்பதெல்லாம் அதற்கு ஏறக்குறைய எட்டாத சேதி. நைலான் கம்பியென்றால் முழு ஊமை. எங்கள் கிதாரில் எஃகுக் கம்பிதான். ஆனால் தடித்த கம்பிகளின் மேல் சுற்றியிருப்பது வெண்கலம். அதைக் காந்தம் மதிப்பதில்லை. எனவே மெல்லிய கம்பிகள் முந்திக்கொண்டு ஒலித்தன. போதாக்குறைக்குப் பக்கத்தில் சீரியல் செட் விளக்குகள் எரிந்தபோது ‘ம்ம்ம்’ என்று ஒரு தொடர் முனகல். நல்ல ஒலிதான், எலெக்ட்ரிக் கிதாரின் ஒலி. கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, “நல்லாத்தான் இருக்கு, ஆனா அப்பா கிதார் இல்ல” என்றாள். நான் சுற்றிவளைத்துச் சொல்வதை அவள் இப்படித்தான் ஒரு வரியில் முடித்துவிடுவாள்.

இனி அந்தக் குதிரைக்கு அடியில் வைக்கும் காது. இன்று கடையில் ‘செமி அக்கூஸ்டிக்’ என்று விற்கப்படும் கிதார்களில் பெரும்பாலும் இருப்பது இதுதான். எலும்புத் துண்டுக்கு அடியில், நூல்போன்ற ஒரு பட்டை. அதன் உள்ளே அழுத்தினால் மின்சாரம் தரும் பொருள். பெயர் பீசோ. 1880-இல் பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக் கியூரியும் பாரிஸில் கண்டறிந்த விளைவு இது: குவார்ட்ஸ் முதலான சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் முகங்களில் மின்னேற்றம் தோன்றுகிறது. பிற்காலத்தில் படிகத்தின் இடத்தை ஈயமும் சிர்கோனியமும் டைட்டேனியமும் கலந்த பீங்கான் பிடித்துக்கொண்டது. 1960-களில் அமெரிக்காவில் பார்கஸ்-பெர்ரி நிறுவனத்தார் இதை இசைக்கருவிகளில் பொருத்தினார்கள். ஹெலிகாப்டர் தயாரித்துக்கொண்டிருந்த சார்லஸ் கேமன் தொடங்கிய ஓவேஷன் நிறுவனம் குதிரைக்குள்ளேயே அதை வைத்துக் கிதார் விற்றது.

இதை மகளுக்கு விளக்க நான் பாரிஸ் வரை போக வேண்டியிருக்கவில்லை. சமையலறைக்குப் போய் காஸ் லைட்டரை எடுத்துவந்தேன். ‘டிக்’ என்று அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தியல் விடுபட்டு ஒரு சிறு பீங்கான் துண்டின் மேல் மோதுகிறது. அந்த ஓர் அடியில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழுந்து பொறியாகத் தாவுகிறது. கிதாரில் இருப்பதும் அதே இனத்துப் பொருள்தான். அங்கே சுத்தியல், இங்கே கம்பியின் துடிப்பு. அங்கே பொறி, இங்கே ஒரு வோல்ட்டுக்கும் குறைவான ஒரு சலனம். பாடும் வாழ்த்து அட்டைக்குள் ஒட்டியிருக்கும் நாணய அளவுத் தகடும் அதே குடும்பம்; அது எதிர்த்திசையில் வேலை செய்கிறது, மின்சாரம் கொடுத்தால் அதிர்கிறது.

அப்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியார் லைட்டரை வாங்கித் திருப்பிப் பார்த்தார். சிறுவயதில் தீப்பெட்டி ஆபீஸில் சட்டத்தில் குச்சி அடுக்கியவர் அவர். “எங்க பொழப்புல கை வெச்சது இதுதானா?” என்றார். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்தில் இதைச் சாதாரணக் கேள்வியாக எடுத்துக்கொள்ள முடியாது. சமையலறையிலிருந்து தீப்பெட்டியை மெல்ல வெளியேற்றியது காஸ் லைட்டர். சட்டைப் பையிலிருந்து வெளியேற்றியது பிளாஸ்டிக் சிகரெட் லைட்டர். அதில் சக்கரமும் கல்லும் உரசுவதும் உண்டு, இந்தப் பீங்கானை அடிப்பதும் உண்டு. அதை எதிர்த்துத் தீப்பெட்டி உற்பத்தியாளர்கள் பல ஆண்டு குரல் கொடுத்தார்கள். 2022-இல் தமிழக முதல்வர் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைவான விலையில் இறக்குமதியாகும் சிகரெட் லைட்டர்களுக்குத் தடை வந்தது. அந்தத் தகராறின் மையத்தில் இருந்த பொருளை என் மாமனாரின் கிதாருக்குள் வைக்கலாமா என்று விவாதித்துக்கொண்டிருக்கிறோம் என்பது எனக்கு வேடிக்கையாகவும் இருந்தது, மனத்தில் கொஞ்சம் உறுத்தவும் செய்தது.

ஆனால் மாமியார் எதிர்க்கவில்லை. எதிர்ப்பு வேறு பக்கத்திலிருந்து வந்தது.

பீசோ தரும் மின்சாரம் மிக மெலிந்தது. அதை நேரே மிக்சரில் செருகினால் அடிக்குரல் எல்லாம் வடிந்து தகரச் சத்தம் மட்டும் மிஞ்சும். இடையில் ஒரு முன்பெருக்கி வேண்டும். அதற்கு 9 வோல்ட் பேட்டரி வேண்டும். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள் வாசிப்பவர் கைக்கு எட்ட வேண்டும். ஆகவே கடைகளில் வழக்கமாகச் செய்வது, பக்கப் பலகையில் வாசிப்பவர் முகத்தைப் பார்த்த தோள்பகுதியில் தீப்பெட்டி அளவுக்கோ அதைவிடப் பெரிதாகவோ ஒரு சதுரத்தை வெட்டி அந்தப் பெட்டியைப் பதித்துவிடுவது. மதுரையில் ஒரு கடையில் பென்சிலால் வட்டமிட்டுக் காட்டினார்கள். வட்டம் சரியாக மாமனாரின் தாடை தேய்த்த வெளுப்பின் மேல் விழுந்தது. மனைவி கிதாரை வாங்கி உறையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். பேருந்தில் திருமங்கலம் வரும் வரை எவரும் பேசவில்லை.

வெட்டாமலும் செய்யலாம். முன்பெருக்கியை உள்ளேயே தொங்கவிடும் வகைகள் இருக்கின்றன. ஆனால் அதற்கும் குதிரையில் துளையிட்டு, எலும்புத் துண்டை அடியில் தேய்த்து, பட்டைக்கு இடம் விட வேண்டும். அந்த எலும்புத் துண்டு, அச்சகத்தில் தாள் மடிக்கப் பயன்பட்ட பழைய எலும்பிலிருந்து மாமனார் தம் கையால் அரம் போட்டு எடுத்தது. இதெல்லாம் வெறும் உணர்ச்சிவசப்படுதல் என்று தள்ளிவிடலாம்தான். ஒலியைப் பற்றியும் எனக்கு ஐயம் இருந்தது. குதிரைக்கு அடியிலிருந்து கேட்கும் காது அழுத்தத்தை மட்டுமே கேட்கிறது. விரல் கம்பியை மீட்டும் அந்தக் கணம் அதற்கு ஓர் அடி. மென்மையாக வாசிக்கும்வரை சமாளிக்கிறது. கொஞ்சம் ஓங்கி வாசித்தால் வாத்து கத்துவதுபோல் ஒரு கூர்மை வந்துவிடுகிறது. பத்தர் பேசுவதற்குள் குதிரை பேசி முடித்துவிடுகிறது.

இந்த விவாதம் தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. வீணையில் இது நடந்து முடிந்திருக்கிறது, அல்லது முடியாமலே நடந்துகொண்டிருக்கிறது. வீணை தனம்மாள் (1867–1938) வெள்ளிக்கிழமை மாலைகளில் தம் வீட்டில் வாசிப்பதைக் கேட்கப் போனவர்கள் சிறு ஓசையும் எழாமல் அமர்ந்திருக்க வேண்டும். கருவி சபையை நோக்கி வரவில்லை, சபைதான் கருவியை நெருங்கிப் போயிற்று. பிறகு மண்டபங்கள் பெருத்தன. ஈமனி சங்கர சாஸ்திரி, அவருடைய மாணவர் சிட்டிபாபு ஆகியோரின் காலத்தில் வீணையின் உடலோடு ஒட்டும் காண்டாக்ட் மைக் மேடைக்கு வந்தது. வீணையின் நாதம் போயிற்று என்று ஒரு சாரார், கடைசி வரிசைக்காரனுக்கும் கமகம் கேட்டது என்று இன்னொரு சாரார். இரண்டும் உண்மை. மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸுக்கும் (1969–2014) தொடக்கத்தில் முணுமுணுப்பு இருந்தது. ஆனால் அவர் எடுத்தது முழுமையாக மின்சாரக் கருவி. அது வேறொரு கருவியாக வந்து, தன் குரலுக்குத் தானே பொறுப்பேற்றுக்கொண்டது. எனக்கு அது நேர்மையான வழியாகத் தோன்றுகிறது. மரத்தின் குரல் இது என்று சொல்லிக்கொண்டு குதிரையின் குரலைத் தருவதில்தான் எனக்கு மனத்தடை.

உரக்க ஒலிப்பதில் எங்கள் வட்டாரத்துக்கு எந்தத் தயக்கமும் இருந்ததில்லை. பட்டாசு வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபெல்லுக்கு மேல் சத்தம் கூடாது என்று 1999-இல் மத்திய அரசு விதித்தது. அந்த அளவை எட்டாத சரக்கைச் சந்தையில் ‘நமுத்த வெடி’ என்பார்கள். ஒலிபெருக்கிகளுக்கு இரவு 10 மணி வரை என்று 2000-ஆம் ஆண்டின் விதிகள் சொல்கின்றன; கொடை விழாவில் அது எப்படிப் பின்பற்றப்படுகிறது என்பது ஊரறிந்தது. இந்தக் காதுகளுக்கு நடுவில் ஒரு மரப்பெட்டியின் குரலைக் கொண்டுசேர்க்க வேண்டும், அந்தக் குரலை மாற்றாமல்.

முடிவை மனைவிதான் எடுத்தாள். காண்டாக்ட் வகை. நாணய அளவில் மூன்று பீசோ தகடுகள். குதிரை ஒட்டியிருக்கும் இடத்துக்கு நேர் உள்ளே, மேற்பலகையின் அடிப்புறத்தில், ஒலித்துளை வழியாகக் கைவிட்டுப் பசையால் ஒட்டுவது. எலும்புத் துண்டைத் தொட வேண்டாம், பக்கப் பலகையைத் தொட வேண்டாம். ஒரேயொரு இழப்பு: தோள்பட்டை வாரை மாட்டும் அடிப்புறக் குமிழின் துளையை, வயர் செருகும் குழாய்க்காக, ஏறக்குறைய 12 மில்லிமீட்டருக்கு அகலப்படுத்த வேண்டும். அதைச் செய்தவர் துளைக்கருவியை மெதுவாகச் சுற்றினார். உதிர்ந்த மரத்தூளை மனைவி ஒரு தாளில் மடித்து எடுத்துக்கொண்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

முன்பெருக்கி தனிப் பெட்டியாகத் தரையில் இருக்கிறது. ஒலி கம்பியும் மரமும் கலந்ததாக வருகிறது. மைக்கில் கேட்டதற்கு மிக அருகில், ஆனால் அதுவே அல்ல. பலகையில் ஒட்டிய காது பலகைக்கு நேர்வது எல்லாவற்றையும் கேட்கும் என்பதால் ஊளையிடும் அபாயம் குதிரைக் காதைவிட அதிகம். ஒலித்துளைக்கு ரப்பர் மூடி ஒன்று வாங்கினோம். ஒலிபெருக்கி அவளுக்கு முன்னால், சபையைப் பார்த்து நிற்க வேண்டும் என்று இடம் மாற்றினோம். அண்ணாச்சி அடிக்குரலில் ஒரு குறிப்பிட்ட இடத்தை மட்டும் தேடிப் பிடித்துக் குறைத்தார். அந்தப் பெட்டியின் காற்று தானாக முனகும் சுரம் அது என்று அவரே கண்டுபிடித்ததில் அவருக்குப் பெருமை. நகம் பட்டால் கேட்கிறது. துப்பட்டா ஓரத்து மணி உரசினாலும் கேட்கிறது. கோடை வெயிலில் கார் டிக்கியில் கிதாரை வைக்கக்கூடாது, பசை இளகிவிடும் என்று எச்சரித்திருக்கிறார்கள். எங்கள் ஊர்க் கோடைக்குப் பசை மட்டுமா இளகும்.

டிசம்பரில் பாடல் ஆராதனைக்கு முந்தைய மாலை ஒத்திகை. மின்விசிறிகள் சுற்றின, கீபோர்டுக்காரர் ஏதோ வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார், பிள்ளைகள் ஓடினார்கள். அந்த இரைச்சலில் சுருதி கேட்காமல் மகள் குனிந்து, தாத்தாவைப் போலவே தாடையைக் கிதாரின் தோளில் அழுத்திக்கொண்டு ஆணியைத் திருகினாள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. சபையின் இரு ஓரத்துப் பெட்டிகளிலும் ‘டொக்’ என்று ஒரு மெல்லிய சத்தம், பிறகு எலும்பு மரத்தில் நகரும் உரசல்.

அண்ணாச்சி மிக்சரிலிருந்து நிமிர்ந்தார். “சார், அது என்ன சத்தம்? குறைச்சிரவா?”

“இருக்கட்டும் அண்ணாச்சி” என்றாள் மனைவி.